பிக்கப் வாங்கும்போது 4×4 ஒரு கேள்வி, கேபின் இன்னொரு கேள்வி என்று பிரிக்காதீர்கள்

சொந்தப் பெயரில், வெள்ளை நம்பர் பிளேட்டோடு ஓட்டுகிற மாதிரி ஒரு பிக்கப் வேண்டும் என்று இந்தியாவில் தேட ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று 2016-ல் வந்த இசுசு வி-கிராஸ், இன்னொன்று 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். டாடா ஜெனான், ஸ்கார்ப்பியோ கெட்அவே எல்லாம் வந்துவிட்டுப் போய்விட்டன. கடையில் இருப்பது இவ்வளவுதான், ஆனாலும் வாங்குபவர்களின் குழப்பம் மட்டும் குறையவில்லை. 4×4, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வசதி, இல்லாத பிக்கப் வீண் என்று ஒருவர் சொல்கிறார். வருஷத்தில் நாலு நாள் சேற்றுக்காக இத்தனை லட்சம் கூடுதலாகக் கொடுப்பதா என்று இன்னொருவர் கேட்கிறார். நாலு கதவு டபுள் கேப் எடுத்தால் குடும்பத்துக்கும் ஆச்சு, லோடுக்கும் ஆச்சு என்று மூன்றாமவர். அப்புறம் 2எச், 4எச், 4எல், ஏ.டபிள்யூ.டி. என்று விளம்பரத் தாளில் வரிசையாக எழுத்துகள்.

கேபின் எத்தனை கதவு என்பதும், எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதும் வேறு வேறு விஷயம் மாதிரி தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: வண்டியின் எடை எந்தச் சக்கரத்தின் மேல் உட்காருகிறது? அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே விளங்கிவிடும்.

காலி வண்டிதான் முதலில் சிக்கும்

மழை பெய்த மறுநாள் ஒரு தென்னந்தோப்புக்குள் தேங்காய் ஏற்றக் காலி பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். புல்லும் களிமண்ணும் கலந்த தரை. லேசான மேடு வந்ததும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, ரெண்டு நிமிஷத்தில் சேறு சோப்பு மாதிரி வழுவழுப்பாகிவிடுகிறது. எப்படியோ ஆள் தள்ளி உள்ளே போய், அரை லோடு தேங்காய் ஏற்றித் திரும்பும்போது அதே மேட்டில் அதே வண்டி முனகாமல் ஏறிவிடுகிறது. வண்டி மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை.

காரணம் எளிது. எஞ்சின், கியர்பாக்ஸ், உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் முன்பாதியில் இருக்கிறார்கள். பின்னால் வெறும் தகரத் தொட்டி. சாதாரண ஓட்டத்தில் பிக்கப்பை இழுப்பதோ (சரியாகச் சொன்னால் தள்ளுவதோ) பின்சக்கரங்கள் மட்டும்தான். இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை இல்லையென்றால் டயருக்கும் மண்ணுக்கும் பிடிமானம் இருக்காது. போதாததற்குப் பின்னால் இருப்பது லோடுக்காகக் கணக்குப் போட்டு வைத்த லீஃப் ஸ்பிரிங், பட்டறைக்காரர்கள் சொல்கிற கமான் பட்டை. காலியாக இருக்கும்போது அது விறைத்துக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்குப் பதில் வண்டியே துள்ளும்.

ஆக, ஒரு காரையோ எஸ்.யூ.வி.யையோ விட பிக்கப்புக்கு 4×4 அதிகமாகத் தேவைப்படுகிறது என்றால் அது வீரதீரப் பயணத்துக்காக இல்லை. பெரும்பாலான நாள் வண்டி காலியாக ஓடுவதுதான் காரணம். உரமூட்டை நாலைப் பின்னால் போட்டுவைத்தே சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் தப்பான வைத்தியம் இல்லை.

கேபின் வளர்ந்தால் தொட்டி சுருங்கும்

பலரும் கவனிக்காத ஒன்று: ஹைலக்ஸ் போன்ற ஒரு வண்டியில் சிங்கிள் கேபுக்கும் டபுள் கேபுக்கும் அடியில் இருக்கும் முன்-பின் அச்சு இடைவெளி பெரும்பாலும் ஒன்றேதான், 3,085 மில்லிமீட்டர். கேபின் பெரிதாகும் அளவுக்கு நீளம் கூடுவதில்லை, தொட்டியிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள்.

1. சிங்கிள் கேப். ரெண்டு கதவு, ஒரே வரிசை. தொட்டி சுமார் 2.3 மீட்டர் வரும்.

2. எக்ஸ்ட்ரா கேப். சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், சில கம்பெனிகளில் பின்பக்கமாகத் திறக்கும் குட்டிக் கதவு. தொட்டி சுமார் 1.8 மீட்டர். தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நன்றாக ஓடும் வகை. என்னைக் கேட்டால் விவசாயிக்கு மூன்றிலும் புத்திசாலித்தனமான வடிவம் இதுதான், ஆனால் நம் ஊர் ஷோரூமில் கண்ணில் படாது.

3. டபுள் கேப். நாலு கதவு, ஐந்து பேர். தொட்டி சுமார் 1.5 மீட்டர். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் இங்கே இந்த வடிவத்தில்தான் கிடைக்கின்றன.

ஒன்றரை மீட்டர் என்பது காகிதத்தில் போதுமென்று தோன்றும். ஒரு 8×4 அடி பிளைவுட் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், நீளம் 2.44 மீட்டர், அகலம் 1.22 மீட்டர். நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே தொங்கும். அகலத்திலும் சிக்கல், ஏனென்றால் தொட்டிக்குள் ரெண்டு பக்கமும் சக்கர வளைவு புடைத்துக்கொண்டிருக்கும், நடுவே கிடைப்பது 1.1 மீட்டர் அளவுதான். ஷீட் தரையில் படுக்காது, வளைவின் மேல்தான் உட்காரும். புல்லட் ஏற்றினால் பின்கதவை மூட முடியாது.

இதையெல்லாம்கூடக் கயிறு கட்டிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது எடை விழும் இடம். டபுள் கேபில் கேபினின் பின்சுவர் நன்றாகப் பின்னுக்கு வந்துவிடுவதால், தொட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேர்மேலேயோ அதற்கும் பின்னாலேயோ போய்விடுகிறது. அங்கே கனமாக எதையாவது வைத்தால் சீசா பலகை மாதிரிதான். பின்னால் அமுங்கும், முன்னால் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், ராத்திரியில் ஹெட்லைட் ரோட்டை விட்டுப் புளியமரத்துக் கிளையைக் காட்டும். சிங்கிள் கேபில் தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்கு முன்னால் இருப்பதால் பாரம் ரெண்டு அச்சுக்கும் பகிர்ந்துபோகும். எனவே டபுள் கேப் எடுத்தவர் எப்போதும் கனமானதைக் கேபின் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், பின்கதவுப் பக்கம் இலகுவானது.

தொட்டியிலும் ரெண்டு ஜாதி உண்டு. பக்கச்சுவர் நிலையாக நிற்கும் தொட்டி ஒன்று. மூன்று பக்கமும் மடக்கித் திறக்கும் தட்டையான டெக் இன்னொன்று, இதில் தரை சக்கரத்துக்கு மேலே இருப்பதால் உள்ளே புடைப்பு கிடையாது, பக்கவாட்டிலிருந்தே மூட்டையை இறக்கலாம். விலையாக, தரை உயர்ந்துவிடும். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் தூக்கி ஏற்றுகிறவரிடம் கேட்டால் அந்தக் கொஞ்ச உயரத்தின் அருமையைச் சொல்வார். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 வாங்குகிறவர் கேபினைத் தனியாக, 5.5 அடி, 6.5 அடி, 8 அடி என்று தொட்டியைத் தனியாகப் பார்த்துச் சேர்க்கலாம். அந்த விவாதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்து பயனில்லை.

4×4 என்ற ஒரு பெயரில் நாலு இயந்திரங்கள்

1. பார்ட் டைம். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். 2எச்-ல் சக்தி பின்னால் மட்டும். 4எச் போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தி கொண்டுபோகும் ரெண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது ரெண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. ஹைலக்ஸ், வி-கிராஸ் 4×4 இரண்டும் இந்த வகை.

2. ஃபுல் டைம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு மைய டிஃபரன்ஷியல் இருப்பதால் எந்த ரோட்டிலும் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். ஃபோக்ஸ்வேகன் அமரோக்கின் 8 கியர் ஆட்டோமேட்டிக் இதற்கு நல்ல உதாரணம்.

3. தேவைப்படும்போது தானாகச் சேருவது. கிளட்ச் தகடுகள் வழியாக, பின்சக்கரம் நழுவினால் முன்னுக்குக் கொஞ்சம் சக்தி போகும். அமெரிக்க பிக்கப்களில் 4ஏ என்று போட்டிருப்பது இதைத்தான். ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக் போன்ற, தனிச் சட்டகம் இல்லாமல் கார் உடம்பிலேயே கட்டிய பிக்கப்களில் வரும் ஏ.டபிள்யூ.டி.யும் (ஆல் வீல் டிரைவ்) ஏறக்குறைய இதன் சொந்தக்காரன்தான், ஆனால் அது முன்சக்கர வண்டி, நழுவும்போது பின்சக்கரத்தைக் கூப்பிடும். 4எல் (வேகம் குறைத்து விசை கூட்டும் கியர்) இருக்காது.

4. கலப்பு. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட். அதே குமிழில் 2எச், மைய டிஃபரன்ஷியலோடு 4எச், அதைப் பூட்டிய 4எச், பூட்டிய 4எல். டிரைட்டன் பிக்கப்பில் பார்க்கலாம். நான்கில் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன், இந்தியாவில் வாங்க முடியாது என்பதுதான் வருத்தம்.

மின்சார பிக்கப்களில் இந்தப் பெட்டியே இருக்காது. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், இசுசு 2024-ல் பேங்காக்கில் காட்டிய மின்சார டி-மேக்ஸ் அப்படித்தான்.

காய்ந்த ரோட்டில் 4எச் ஏன் கூடாது

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வட்டத்தில் போவதில்லை. முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மழையில் நனைந்த களத்தில் ஒரு வளைவு அடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால் நாலு தடமும் தனித்தனியாகத் தெரியும். ஹைலக்ஸின் திருப்ப ஆரம் 6.4 மீட்டர், அச்சு இடைவெளி 3.085 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளிப்பக்க முன்சக்கரம் ஒரு முழுவட்டத்தில் சுமார் 40 மீட்டர் உருளும், அதே பக்கப் பின்சக்கரம் சுமார் 35 மீட்டர்தான். அரைவட்டத்துக்கு, அதாவது ஒரு கொண்டை ஊசி வளைவை முழுசாக ஒடித்துத் திரும்பினால், இரண்டரை மீட்டர் வித்தியாசம்.

2எச்-ல் இதைப் பற்றிக் கவலையே இல்லை, முன்சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது. 4எச்-ல் முன்னும் பின்னும் பூட்டிக் கிடக்கிறது, ஒரே அளவுதான் சுற்ற முடியும். அந்த இரண்டரை மீட்டர் எங்கே போகும்? மண்ணிலோ சேற்றிலோ மணலிலோ என்றால் டயர் லேசாகச் சறுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும், உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. காய்ந்த தார் ரோடு விட்டுக்கொடுக்காது. வண்டி யாரோ பிரேக் பிடிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும், டயர் விட்டுவிட்டுக் கிறீச்சிடும், முறுக்கு ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய்ச் சேரும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மலைதானே என்று வெயில் நாளில் அடிவாரத்திலேயே 4எச் போட்டுக்கொண்டு ஏறுகிறவர் எத்தனை முறை இந்த முறுக்கை ஏற்றுகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறுபடி 2எச்-க்குத் திருப்பினால் டேஷ்போர்டில் 4×4 விளக்கு அணையாமல் அடம்பிடிக்கும். அப்போது பதற வேண்டாம், நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து பெரும்பாலும் விட்டுவிடும்.

இதே காரணத்தால் நாலு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் நேர் ரோட்டிலும் இந்த வித்தியாசம் உண்டாகிவிடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, 4×4 போட்டால் மழை ரோட்டில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 4×4 கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிற்பது டயரைப் பொறுத்தது.

4×4 போட்டும் ரெண்டு சக்கரம் சும்மா சுற்றுகிறது

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. முன் அச்சிலும் பின் அச்சிலும் ஆளுக்கொரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இடது, வலது சக்கரங்களுக்கு ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற அநேகமாக விசையே வேண்டாம், ஆகவே மண்ணில் ஊன்றி நிற்கிற சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது முன் இடது, பின் வலது என்று மூலைவிட்டமாக ரெண்டு சக்கரம் எடை இழந்தால் 4×4 வண்டி அப்படியே நின்றுவிடும். தூக்கிய சக்கரங்கள் விசிறி மாதிரி சுற்றும், ஊன்றியவை வேடிக்கை பார்க்கும்.

இதற்கு ரெண்டு மருந்து. சும்மா சுற்றுகிற சக்கரத்தைக் கம்ப்யூட்டரே பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை அடுத்த பக்கம் போகவைப்பது டிராக்‌ஷன் கன்ட்ரோல். கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றிய பிறகுதான் வேலை செய்யும், ஈரக் களிமண்ணில் அதற்குள் குழி பறித்திருக்கும். மற்றது டிஃப் லாக், பொத்தானை அமுக்கினால் பின் அச்சின் ரெண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி பூட்டிக்கொள்ளும். இந்தியாவில் விற்கும் ஹைலக்ஸில் பின் டிஃப் லாக் உண்டு. வாங்கப்போகிற வண்டியில் 4×4 என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்ததோடு நிற்காமல், அந்தக் குறிப்பிட்ட வேரியன்டில் லாக் இருக்கிறதா, வெறும் டிராக்‌ஷன் கன்ட்ரோலா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதி ரெண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் வேறு பிரதிநிதியைப் பாருங்கள்.

4எல் வேகத்துக்கு எதிரானது. டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு ஜோடிப் பல்சக்கரம், ஹைலக்ஸில் 2.566 மடங்கு. எஞ்சின் அதே வேகத்தில் ஓடும்போது சக்கரம் அத்தனை மடங்கு மெதுவாகச் சுற்றும், விசை அத்தனை மடங்கு கூடும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் இதன் அருமை தெரியும். லோடோடு எஸ்டேட் பாதையில் செங்குத்தாக இறங்கும்போது முதல் கியரில் பிரேக்கில் கால் வைக்காமலே நடக்கிற வேகத்தில் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கும். மாற்றுவதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும், 2எச்-லிருந்து 4எச் போல ஓட்டத்திலேயே திருப்ப முடியாது.

சரி, யாருக்கு எது

வேலை முழுக்க லோடு என்றால் இந்த விவாதமே தேவையில்லை. பொலேரோ பிக்-அப் 1.3 டன் ஏற்றும், அதில் பாதியைக்கூட வெள்ளை பிளேட் டபுள் கேப் சட்டப்படி தொடாது. அதுவும் பெரிது என்றால் குட்டி யானை இருக்கிறது. டபுள் கேபின் மிதப்பைப் பார்த்து ஒரு டன் சிமெண்ட் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்து, அதிலிருந்து அஞ்சு பேரின் எடையையும் கழித்துப் பார்க்கட்டும். மிச்சம் சங்கடமாக இருக்கும்.

தார் ரோடும் கிராவல் பாதையுமாக ஓடுபவர், தோட்டம் சமவெளியில், மழைக்காலத்தில் ஓரிரு நாள் காத்திருக்க முடியும் என்றால், வி-கிராஸ் 4×2 (பின்சக்கரம் மட்டும் இழுப்பது) ஆட்டோமேட்டிக் மாதிரி ஒன்றோடு, தாருக்கும் மண்ணுக்கும் ஏற்ற நல்ல ஆல்-டெரைன் டயர் போட்டுக்கொள்வது போதும். டயர் மாற்றாத 4×4-ஐவிட டயர் மாற்றிய 4×2 பல இடங்களில் மேல். மலைத்தோட்டம், ஆற்றுமணல், களிமண் கரிசல், இதில் ஏதாவது ஒன்று வாராவாரம் வழியில் வருகிறதென்றால் 4×4, அதுவும் டிஃப் லாக்கோடு.

டபுள் கேபின் நீளத்தையும் மறக்க வேண்டாம். ரெண்டு வண்டியுமே 5.3 மீட்டர் பக்கம். கூர்மையான வரப்பையோ மேட்டையோ தாண்டும்போது நடுவயிறு தட்டும், நீண்ட பின்வால் பள்ளத்தில் உரசும். 4×4 சிக்கல்களில் கணிசமானவை உண்மையில் இந்த நீளத்தின் சிக்கல்கள். வீட்டு கேட், தெருமுனை, போர்ட்டிகோ இவற்றை டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. பார்ட் டைம் 4×4-ல் முன் அச்சு வருஷக்கணக்கில் பயன்படாமலே கிடந்திருக்கலாம், எண்ணெய் ஓடாமல் உள்ளே காய்ந்திருக்கும், மாசம் ஒரு தடவையாவது மண் பாதையில் 4எச் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது அதற்காகத்தான். விற்பவரை அழைத்துக்கொண்டு ஒரு காலி மண் மைதானத்துக்குப் போய், மெதுவாக உருட்டிக்கொண்டே 4எச் திருப்புங்கள். டேஷ்போர்டில் விளக்கு சில நொடி மினுக்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தால் வண்டி லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தாலோ, வட்டத்தில் வண்டி காலி 2எச் மாதிரியே நழுவிச் சுற்றினாலோ, விலை பேசும்போது அதை 4×2 என்றே வைத்துப் பேசுங்கள்.